தொண்ணூற்று நான்கு புள்ளி விசுவாசம்

பச்சை அணி தன்னை ஊதா அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, லிஃப்ட் மெக்கானிக் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், இயந்திர அறையில் மல்லாந்து படுத்து பிரேக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் கிரீஸ். அதனால் போனை மூக்கு நுனியால் தட்டித் திறந்து படித்தார்.

'அன்புள்ள ரசிகரே, ஒரு மகிழ்ச்சியான செய்தி. நடப்புப் பருவத்தின் பரிமாற்றக் காலத்தில் தாங்கள் ஊதா அணிக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டுள்ளீர்கள். வரும் ஆட்டம் முதல் தாங்கள் ஊதாச் சட்டை அணிந்து, ஊதா அணிப் பகுதியில் அமர்ந்து, ஊதா அணி கோல் போடும்போது எழுந்து நிற்க வேண்டும். இதுவரை எங்களிடம் காட்டிய விசுவாசத்துக்கு நன்றி. மீதியை அங்கே காட்டவும்.'

மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்து மூன்று. இடது முழங்கால் முழுதாக மடங்காது. கால்பந்தைக் கடைசியாக உதைத்தது ஒன்பதாம் வகுப்பில். அதுவும் தலைமை ஆசிரியர் அறை ஜன்னலோடு முடிந்துபோனது. ஆகவே இது யாரோ ஒரு முன்கள ஆட்டக்காரருக்குப் போக வேண்டிய கடிதம் என்று முடிவு செய்து, கையைத் துடைத்துக்கொண்டு, 'தவறான எண்' என்று மரியாதையாகப் பதில் அனுப்பினார்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'இல்லை.'

வீட்டில் மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களை வித்துட்டாங்களா?" என்றாள்.

"விக்கலை. மாத்திக் கொடுத்திருக்காங்க."

"பதிலுக்கு என்ன வந்துச்சாம்?"

"தெரியலை."

"அதைக்கூடக் கேட்காம வந்து உட்கார்ந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். மடித்துக்கொண்டே சிறிது நேரம் கழித்து, சிரிப்பில்லாத குரலில், "அப்போ உங்க தம்பி?" என்று கேட்டாள். கடிதம் வந்ததிலிருந்து மெக்கானிக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பச்சை அணியின் மைதானத்தில் பதினேழாம் வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை மெக்கானிக்குடையது. நாற்பத்திரண்டு அவர் தம்பியுடையது. இருபத்தாறு வருடமாக அப்படித்தான். தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீடு இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் பதினோரு வருடமாக அண்ணனும் தம்பியும் மைதானத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு தாண்டிப் போவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி அப்போது இரண்டு நாள் பயணத் தொலைவில் வேலையாக இருந்தார். இனி இங்கே வைத்திருந்து பலனில்லை என்று டாக்டர் சொன்னதும், மெக்கானிக் தாளில் கையெழுத்துப் போட்டு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கையெழுத்துப் போடுமுன் தம்பிக்குப் போன் செய்து கேட்கவில்லை. தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி அழவில்லை, சண்டை போடவில்லை. அன்றிலிருந்து 'அண்ணே' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆனால் சீசன் டிக்கெட்டை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வந்து நாற்பத்திரண்டில் உட்கார்ந்தார். இருபதாவது நிமிடத்தில், எதிரே பார்த்தபடியே, "அது ஆஃப்சைடு இல்லை," என்றார். "இல்லவே இல்லை," என்றார் மெக்கானிக். அவ்வளவுதான், வழி திறந்துகொண்டது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிடம் பேசுவார்கள். நடுவரைத் திட்டுவார்கள், பயிற்சியாளரைக் கிழிப்பார்கள், ஒரே பொட்டலத்தில் கடலை தின்பார்கள். இடைவேளை பதினைந்து நிமிடம் மட்டும் கஷ்டம். பேச ஆட்டம் இருக்காது. அப்போது கோட்டோர நடுவரின் ஷூ போன வருடத்து ஷூவா, புதிதா என்று பேசிச் சமாளிப்பார்கள். விசில் ஊதியதும் இருவருக்கும் மூச்சு வரும்.

இந்தத் தொண்ணூறு நிமிடத்தைத்தான் பச்சை அணிக்காரர்கள் எதற்கோ மாற்றிவிட்டிருந்தார்கள்.

அது எப்படி நடந்தது என்பதற்குப் பச்சை அணியின் முதலாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய முதலாளி கண்ணை மூடுமுன் அணியை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். இப்போது அந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அலுவலகக் கட்டடத்தில் இரட்டைப்படை மாடிகள் அண்ணனுக்கு, ஒற்றைப்படை மாடிகள் தங்கைக்கு. அண்ணன் முதலாளி முன்னேறி அடிக்கச் சொல்லும் பயிற்சியாளர் ஒருவரை நியமித்தார். அதே வாரம் தங்கை முதலாளி, கோல் வாசலைக் காக்கச் சொல்லும் பயிற்சியாளர் ஒருவரை நியமித்தார். இருவரும் கோட்டோரம் நின்று கத்தியதில் அணியின் இடது பாதி முன்னால் ஓடியது, வலது பாதி பின்னால் ஓடியது. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றுகொண்டே அழுதார். இருவருக்கும் நடுவே தூது போக மூன்றாவதாக ஒரு பயிற்சியாளரை லீக்கே நியமித்தது. அவர் இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார்.

ஆட்டக்காரர்கள் கதை இதைவிட மோசம். கோல்கீப்பரை அண்ணன் திங்கட்கிழமை ஊதா அணிக்குக் கொடுப்பார், தங்கை புதன்கிழமை திரும்ப வாங்குவார், வெள்ளிக்கிழமை அண்ணன் மறுபடி கொடுப்பார். மூன்று தடவையும் அந்தக் கோல்கீப்பர் நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து, "இந்த அணிக்கு ஆடுறது என்னோட சின்ன வயசுக் கனவு," என்றார். மூன்றாம் தடவை எந்த அணி என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார். இப்படி மாற்றி மாற்றி, மாற்ற ஆளே இல்லாமல் போனபோதுதான் லீக்குக்கு அந்த யோசனை வந்தது. ஆட்டக்காரர்கள் வருவார்கள் போவார்கள், ரசிகர்கள்தான் அணியின் நிரந்தரச் சொத்து என்று முதலாளிகள் மேடைக்கு மேடை சொல்லிவந்தார்கள் அல்லவா? சொத்து என்றால் கைமாற்ற வேண்டியதுதானே என்று லீக் கேட்டது. முதலாளிகளுக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மெக்கானிக் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். நான்காம் மாடியில் 'ரசிகர் வளத் துறை' என்று பலகை. உள்ளே டை கட்டிய அதிகாரி எழுந்து வந்து இரண்டு கையாலும் கைகுலுக்கினார்.

"தொண்ணூத்தி நாலு சார்! விசுவாசப் புள்ளியில நம்ம அணியிலேயே நீங்கதான் முதல். வாழ்த்துகள்."

"அப்புறம் என்னை ஏன் சார் அனுப்புறீங்க?"

"அதனாலதான் சார்." அதிகாரிக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "விசுவாசம் இல்லாத ஆளை வாங்கி அவங்க என்ன பண்ணுவாங்க? நல்ல சரக்கைத்தானே கேட்பாங்க?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஆறு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தில் கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்ததற்கு நான்கு புள்ளி. கொட்டும் மழையில் ஒதுங்காமல் நனைந்ததற்கு, ஆட்டத்துக்கு ஒன்று வீதம், பதினொன்று. மகள் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் நின்று ஸ்கோர் பார்த்ததற்கு இரண்டு.

"அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எங்க ஆப்லதானே பார்த்தீங்க."

"என் தம்பி சார்... நாப்பத்திரண்டு..."

அதிகாரி பட்டியலில் கீழே, மிகக் கீழே போனார். "முப்பத்தொண்ணு. பயிற்சியாளரைக் கெட்ட வார்த்தையில திட்டியிருக்கார். பாதியில எழுந்து போயிருக்கார், நாலு தடவை. அவரை யாரும் கேட்கலை சார். இங்கேயேதான் இருப்பார். நீங்க கவலைப்படாதீங்க."

மெக்கானிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பதிலா என்ன வந்துச்சு?"

"ஒரு புல்வெட்டும் இயந்திரம். நல்ல கண்டிஷன். ஓட்டுநரோட."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டு, பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "எதுக்கு சார் கேட்கணும்? கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்க. அப்புறம் நாங்க எப்படி முடிவெடுக்கறது? உங்க நல்லதுக்குத்தானே சார் பண்றோம். ஒவ்வொரு வருஷமும் படிவத்துல 'அணிக்காக எதையும் செய்வேன்'னு டிக் போட்டிருக்கீங்களே."

மெக்கானிக் எழுந்து வெளியே வந்தார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்ற பேச்சை ஏற்கெனவே எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. படியிறங்கும்போது எங்கே என்று நினைவு வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில், தம்பியைப் பற்றி மனைவியிடம் அவரே சொன்னது அது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டுநரோடவா?" என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்த மாதிரி தெரிந்தது. "மேல்முறையீடு பண்ணுங்க," என்றாள்.

மேல்முறையீடு லீக்கின் நலமுரண் தவிர்ப்பு ஆணையத்தில் நடந்தது. நீளமான அறை, நீளமான மேசை, ஒரே ஒரு ஆள். அவர் லீக்கின் தலைமை ஆணையர். ஊதா அணியின் முதலாளியும் அவர்தான். மெக்கானிக்கின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார்.

"சந்தேகம் வர்றது சகஜம்தான். இந்த நாற்காலியில உட்கார்ந்தா நான் ஆணையர். அதோ, அந்த நாற்காலியில உட்கார்ந்தா முதலாளி. நடுவுல ஆறடி விட்டிருக்கோம். டேப் வெச்சு அளந்து விட்டது. இந்தத் தூய்மை வேற எந்த லீக்லயும் கிடையாது."

விசாரணை ஆரம்பித்தது. மெக்கானிக் தன் கதையைச் சொன்னார். ஆணையர் எழுந்து ஆறடி நடந்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, "ஆட்சேபிக்கிறேன்! முறைப்படி வாங்கிய ரசிகர்," என்றார். எழுந்து திரும்ப வந்து, ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்து, சற்று யோசித்து, "ஆட்சேபணை ஏற்கப்படுகிறது," என்றார். ஒரு தடவை மட்டும் ஆட்சேபணையை நிராகரித்தார். நிராகரித்த கையோடு அந்த நாற்காலிக்குப் போய், தனக்கு அநீதி இழைக்கப்பட்டதாக வருந்தினார். நாலைந்து நடையில் அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு ஆணையராகக் கேட்டார்.

"உங்க இழப்பு என்ன?"

"தம்பிகூடப் பேச முடியாம போயிடும்."

"மைதானத்துக்கு வெளியே அவர்கிட்ட எப்ப பேசினீங்க?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"அவர் வீடு எவ்வளவு தூரம்?"

"ரெண்டு தெரு."

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரலில் முதல் தடவையாக உண்மையான குழப்பம் இருந்தது. "ரெண்டு தெரு நடந்து போய்ப் பேசறதுக்கு எதுக்குங்க ஒரு கால்பந்து அணி?"

அன்று முழுக்க அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். மனு தள்ளுபடியாயிற்று. வாசலில் ஒரு அட்டைப் பெட்டியில் ஊதாச் சட்டை கொடுத்தார்கள். அளவு சரியாக இருந்தது. அதுவும் ஆப்பில் இருந்ததுதான்.

அன்று மாலை அவர் தம்பி வீடு வரை நடந்தார். கதவு வரை போனார். உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி என்ன சொல்வது? 'அது ஆஃப்சைடு இல்லை' என்றா? திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக்கும் ஊதாவுக்கும் ஆட்டம். மெக்கானிக் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பை இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதே கிடையாது. ஊதாப் பகுதியில் மாறி வந்த ரசிகர்களைத் தனியாக உட்காரவைத்து, மகிழ்ச்சிப் பயிற்றுநர் என்று ஒருவர் வகுப்பெடுத்தார். ஊதா கோல் போட்டதும் மூன்று வினாடிக்குள் எழுந்துவிட வேண்டும்; பச்சை கோல் போட்டால் நெற்றியில் வலது கை வைக்க வேண்டும்; கை வைப்பதில் உள்ளூரச் சந்தோஷம் தெரியக் கூடாது. மெக்கானிக் இரண்டு தடவை தப்பான கையை வைத்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கத்தில் பதினேழாம் வரிசையை எண்ணிக் கண்டுபிடித்தார். தம்பி இருந்தார். அவர் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. படிக்கட்டில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் பந்து கோல் கம்பத்தில் அடித்துத் திரும்பியபோது, தம்பியின் தலை பழக்கத்தில் இடது பக்கம், நாற்பத்தொன்றாம் இருக்கைப் பக்கம் திரும்பியது. அப்புறம் மெதுவாக முன்னால் திரும்பிக்கொண்டது. அதைப் பார்த்த மெக்கானிக் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சரியான கைதான். பயிற்றுநர் பாராட்டினார்.

நாற்பதாவது நிமிடத்தில் டை கட்டிய அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், நீங்க லிஃப்ட் மெக்கானிக்னு ஆப்ல போட்டிருக்கு. சீக்கிரம் வாங்க. நம்ம முதலாளிகள் ரெண்டு பேரும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க!"

"உங்க முதலாளிகள்," என்றார் மெக்கானிக். "நான் ஊதா." சொல்லிவிட்டாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டது என்று கேட்டபிறகு உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். இடைவேளையில் அண்ணனும் தங்கையும் மைதானத்தின் நடுவில் கைகுலுக்க வேண்டும் என்று லீக் கட்டளையிட்டிருந்தது. அதற்காக, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, மைதானத்தை ஒட்டிய அலுவலகக் கட்டடத்தில் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். தங்கை மாடிகளில் லிஃப்ட் நிற்கக் கூடாதென்று அண்ணன் ரகசியமாக ஓர் ஆளை விட்டுக் கம்பியை மாற்றியிருந்தார். அண்ணன் மாடிகளில் நிற்கக் கூடாதென்று தங்கையும் ரகசியமாக வேறொரு ஆளை விட்டு மாற்றியிருந்தார். எந்த மாடியிலும் நிற்க முடியாத லிஃப்ட், நாலுக்கும் ஐந்துக்கும் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டது.

மெக்கானிக் நான்காம் மாடிக் கதவைத் தன் சாவியால் திறந்தார். மேலே, இடுப்பு உயரத்தில், லிஃப்டின் தரையும் இரண்டு ஜோடி ஷூக்களும் தெரிந்தன. ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன.

"யாரது?" என்றது அண்ணன் ஷூ.

"மெக்கானிக். பயப்படாதீங்க, கயிறு நல்லா இருக்கு. வெளியே குதிக்க மட்டும் பார்க்காதீங்க."

"எல்லாம் இவனாலதான்," என்றது தங்கை ஷூ. "பயிற்சியாளரைப் போட்டப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்."

"பொய்! வேண்டாம்னுதான் சொல்லியிருப்பே."

"சரி, வேண்டாம்னே சொல்லியிருப்பேன். அதனால என்ன? வேண்டாம்னு சொல்றதுக்காவது என்னைக் கேட்டிருக்கணும்ல?"

மெக்கானிக் திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். இந்தப் பெரிய மனுஷியிடமிருந்து ஒரு உருப்படியான பேச்சு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பேச்சு தனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. பிறகு, வந்த இடத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

"ஐயா, அம்மா, ஒரு விண்ணப்பம். நான் உங்க பழைய ரசிகன். புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாத்திட்டீங்க. என்னைத் திருப்பி எடுத்துக்கணும்."

நான்கு ஷூக்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின.

"ரசிகரைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை," என்றார் அண்ணன்.

"கிடையவே கிடையாது," என்றார் தங்கை. "ஒருத்தரை எடுத்தா எல்லாரும் கேட்பாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீ சொன்னது சரிதான்."

அப்பா போன பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அதிகாரி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கதவை மறுபடி பூட்டிவிட்டு, அதிகாரியை இழுத்துக்கொண்டு உச்சி அறைக்குப் போனார். மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக் நெம்புகோலை அதிகாரியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கைச்சக்கரத்தைத் தெருவில் நடக்கிற நிதானத்தோடு சுற்றினார். அதிகாரியின் டை முழுக்க கிரீஸ் ஆயிற்று. லிஃப்ட் நான்காம் மாடிக்கு இறங்கி, தரையோடு தரையாக வந்து நின்றது. முதலாளிகள் உடனே வெளியே வரவில்லை. யார் முதலில் இறங்குவது என்று உள்ளே தகராறு நடந்துகொண்டிருந்தது. மெக்கானிக் காத்திருக்கவில்லை.

இடைவேளை விசில் ஊதியாகிவிட்டது. பச்சைப் பகுதி வாசலில் காவலாளி அவர் சட்டையைப் பார்த்துக் கையை நீட்டினார். மெக்கானிக் பையைத் தூக்கிக் காட்டினார். "லிஃப்ட் வேலை."

"இந்தப் பக்கம் லிஃப்டே இல்லையே."

"அதான் பார்க்க வந்தேன்."

காவலாளி அதைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் மெக்கானிக் பதினேழாம் வரிசைக்கு ஏறிவிட்டார். படிக்கட்டில் குத்துக்காலிட்டிருந்த ஆள் எழுந்து நின்றார்.

"இது உங்க இடமாங்க? நான் புல்வெட்டற மெஷின் ஓட்டுறவன். உங்க சீட்டை எனக்குக் கொடுத்தாங்க. ஆனா அவர் பையை எடுக்கவே இல்லைங்க. என்னையும் ஒரு வார்த்தை கேட்கலை, சத்தியமா."

நாற்பத்தொன்றின் மேல் தம்பியின் பை இருந்தது. தம்பி நிமிர்ந்து பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் உட்கார்ந்தார். எதிரே வெறும் புல். கோட்டோர நடுவர் புது ஷூ போட்டிருந்தார். மெக்கானிக் அதைப் பற்றிப் பேசவில்லை.

"உன்னைக் கேட்டிருக்கணும்டா."

தம்பி பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். "எதை?"

"அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி."

தம்பி மறுபடி ஜிப்பை இழுத்தார். "கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேட்கலை."

"ரெண்டு நாள்தான். ஓடி வந்திருப்பேன். கண்ணு திறந்திருக்கும்போதே பார்த்திருப்பேன்."

இனிப் பலனில்லை என்று டாக்டர் சொன்ன வாக்கியம் மெக்கானிக்கிடம் இருந்தது. பதினோரு வருடமாகத் தேய்த்துத் தேய்த்து, எந்த நேரமும் எடுத்து நீட்டத் தயாராக வைத்திருந்தார். இப்போது அதை எடுக்கப் பிடிக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றார்.

ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த தம்பியின் விரல்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதிக்கான விசில் ஊதியது. இந்த முறை அது இருவருக்குமே சரியாகக் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து டை கட்டிய அதிகாரி இரண்டு காவலாளிகளோடு வந்தார். கிரீஸ் காயவில்லை. "சார், ஊதா ரசிகர் பச்சைப் பகுதியில உட்காரக் கூடாது. தயவுசெஞ்சு எழுந்திருங்க."

"இப்பத்தானே சார் உங்க முதலாளிகளை இறக்கிவிட்டேன்."

"அது வேற துறை சார்." அதிகாரி குறிப்பேட்டைத் திறந்துகொண்டு தம்பியிடம் திரும்பினார். "இவரை உங்களுக்குத் தெரியுமா? யாரு இவர்?"

தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதிகாரியைப் பார்த்தார், காவலாளிகளைப் பார்த்தார், கடைசியில் பக்கத்தில் இருந்த ஊதாச் சட்டையைப் பார்த்தார்.

"எங்க அண்ணன்," என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். மெக்கானிக் எழுந்தார். தம்பியும் எழுந்தார். "நீங்க இருக்கலாம் சார், உங்களை யாரும் கேட்கலை," என்றார் அதிகாரி. தம்பி அவரைச் சட்டை செய்யாமல், புல்வெட்டும் இயந்திர ஓட்டுநரிடம், "உட்காருங்க. ரெண்டு சீட்டும் காலிதான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெளிவாசலைத் தாண்டும்போது பின்னால் மைதானமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. யாரோ கோல் போட்டிருந்தார்கள். பச்சையா ஊதாவா என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக்கின் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். 'ஆட்டத்தின் பாதியில் வெளியேறியதாலும், அணியல்லாத நபருடன் அமர்ந்ததாலும் தங்கள் விசுவாசப் புள்ளி முப்பதுக்குக் கீழே சென்றுவிட்டது. இனி எந்த அணியும் தங்களைக் கேட்க வாய்ப்பில்லை. வருந்துகிறோம்.' போனை உள்ளே வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஆட்டம் முடியாமல் யார் வருவார்கள்? வெயில் இன்னும் இருந்தது. பேச ஆட்டம் இல்லை, நடுவர் இல்லை, ஷூகூட இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அவர்கள் தெருவுக்குப் போகிற பஸ் திருப்பத்தில் வந்தது. மெக்கானிக் வழக்கம்போல் முன்னால் போய்க் கையை நீட்டினார். பாதியில் கையை இறக்கிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினார்.

"இதுல ஏறலாமாடா?"

தம்பி பஸ்ஸைப் பார்த்தார். யோசித்தார்.

"வேண்டாம்," என்றார்.

"சரி," என்றார் மெக்கானிக்.

பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று.